பசியைக் கிளப்பும் ஹார்மோன் வயிற்றுப்புண்ணைத் தடுக்குமா?

ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்ட எலியின் இரைப்பைக்குள் தண்ணீர் கலக்காத ஆல்கஹால் ஒரு மில்லிலிட்டரைக் குழாய் வழியே விட்டால், ஒரு மணி நேரத்துக்குள் இரைப்பையின் உட்சுவரில் நீளநீளமாகக் கருஞ்சிவப்புக் கோடுகள் விழுந்துவிடும். மேற்பரப்புச் செல்கள் செத்து, மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் உடைந்து, ரத்தம் கசிந்த தடங்கள் அவை. பார்க்கச் சகிக்காத சோதனைதான். ஆனாலும் இரைப்பை தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட எலிகளிடமிருந்து கிடைத்ததே. 2003இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதே வகைச் சோதனையில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். ஆல்கஹாலைக் கொடுப்பதற்கு முன்பாக கிரெலின் என்ற பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஹார்மோனைச் செலுத்தினார்கள். கோடுகள் கணிசமாகக் குறைந்தன.

கிரெலினை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு இந்த முடிவு கொஞ்சம் இடிக்கும். அதற்குப் பரவலாக வழங்கும் பெயர் பசி ஹார்மோன். வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையிலிருந்து கிளம்பி, ரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய்ப் பசியை எழுப்புவது அதன் வேலை. போகிற போக்கில் அமிலச் சுரப்பையும் அது கூட்டும் என்று எலிச் சோதனைகள் காட்டியிருந்தன. அமிலத்தை அழைத்து வரும் ஒன்றே இரைப்பைக்குக் காவலும் நிற்கிறது என்றால், வயிற்றுப்புண்ணை நாம் புரிந்துவைத்திருக்கும் விதத்தில் ஏதோ ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. அந்தக் கண்ணி இரைப்பையின் சுவருக்குள் இருக்கிறது.

அமிலமும் சுவரும்

வயிற்றுப்புண் என்றதும் அமிலம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு நூற்றாண்டுக் காலப் பின்னணி உண்டு. ஜாக்ரெபைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கார்ல் ஷ்வார்ட்ஸ் 1910இல் முன்வைத்த ‘அமிலம் இல்லையேல் புண் இல்லை’ என்ற கருத்து நெடுங்காலம் மருத்துவத்தை வழிநடத்தியது. அமிலத்தைக் குறைக்க இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள், இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பைத் துண்டித்தார்கள். 1976இல் சிமெடிடின் மாத்திரை வந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1988இல் அதைவிட வலுவான ஒமிபிரசோல் விற்பனைக்கு வந்தது. இவற்றால் புண் ஆறியது. மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்பவும் வந்தது.

ஏன் திரும்ப வந்தது என்பதற்குப் பதில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கிடைத்தது. ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் வளர்த்தெடுத்த ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று தெரியவந்தது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இன்னொரு முக்கியக் காரணம் ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள். வயிற்றுப்புண்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு கணக்குகளில் அடங்கிவிடும்.

இத்துடன் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் அந்தப் பாக்டீரியா குடியிருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் என்றாவது புண் வருவது பத்துப் பதினைந்து சதவீதத்தினருக்குத்தான். வலிமாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியும் எதுவும் ஆகாதவர்களும் ஏராளம். கிருமி ஒன்று, மாத்திரை ஒன்று, அமிலமும் ஒன்றுபோல. அப்படியானால் வேறுபாடு தாக்கப்படும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். இரைப்பையின் உள்ளே அமிலம் உச்சத்தில் இருக்கும்போது, அதன் ஹைட்ரஜன் அயனிச் செறிவு ரத்தத்தில் இருப்பதைப்போல் சுமார் பத்து லட்சம் மடங்கு. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஓர் அடுக்குச் செல்களும் அவற்றின் மேல் பூசினாற்போல் படிந்திருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள சளிப்படலமும்தான். சளிக்குள் அமிலத்தை முறிக்கும் காரமான பைகார்பனேட் தொடர்ந்து கசிந்துகொண்டே இருப்பதால், படலத்தின் மேற்புறம் கடும் அமிலமாக இருக்கும்போதும் அடிப்புறம் கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கிறது. மேற்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாக மாறிவிடுகின்றன. சிறு கீறல் விழுந்தால், புதுச் செல் பிறக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. பக்கத்துச் செல்கள் தட்டையாகி, ஊர்ந்து வந்து, ஒரு மணி நேரத்துக்குள் வெற்றிடத்தை மூடிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ரத்த ஓட்டம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் நிதானிக்கலாம். அமிலம் சுரக்கும் செல், ஓர் அமில அயனியை இரைப்பைக்குள் தள்ளும்போதெல்லாம், அதற்கு ஈடாக ஒரு பைகார்பனேட் அயனியைப் பின்புறமாக ரத்தத்தில் விடுகிறது. சுரப்பியை ஒட்டி ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கீழிருந்து மேலாக, மேற்பரப்பை நோக்கிச் செல்கின்றன. ஆக, கீழே பிறந்த காரம் மேலே அமிலத்தை எதிர்கொள்ளும் செல்களுக்கே நேராகப் போய்ச் சேர்கிறது. நஞ்சும் முறிவும் ஒரே செல்லில், ஒரே நேரத்தில் பிறக்கின்றன. இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ரத்தம் ஓட வேண்டும். ஓட்டம் தடைப்பட்டால் முறிவு வந்து சேராது, உள்ளே ஊடுருவிய அமிலத்தை அடித்துச் செல்லவும் ஆளிருக்காது. கடும் தீக்காயம், பெரும் அறுவை, ரத்தத்தில் கிருமி பரவிய நிலை என உயிருக்குப் போராடும் நோயாளிகளுக்குத் திடீரென இரைப்பையில் புண்கள் தோன்றி ரத்தம் கசிவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

தற்காப்புப் பக்கத்தைத் தனி ஆய்வுப் பொருளாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்தில் பணியாற்றிய ஆந்த்ரே ராபர்ட். 1979இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கச் சுவையானது. எலிகளின் இரைப்பைக்குள் ஆல்கஹால், கடும் அமிலம், கடும் காரம், அடர்ந்த உப்புக் கரைசல், கொதிநீர் என்று கைக்கு எட்டியதையெல்லாம் விட்டுப் பார்த்திருக்கிறார். முன்கூட்டியே, உடலே உருவாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் கொடுத்திருந்தால், இவை எதுவும் ஆழமான சேதத்தை உண்டாக்கவில்லை. கொடுத்த அளவோ அமிலச் சுரப்பைத் தொடாத அளவு. கொதிநீரைத் தாங்கும் இரைப்பைக்கும் அமிலக் குறைப்புக்கும் என்ன சம்பந்தம்? அமிலத்தைக் குறைக்காமலே இரைப்பையைக் காக்க முடியும் என்பது அன்று உறுதியானது. வலிமாத்திரைகள் ஏன் புண்ணை வரவழைக்கின்றன என்பதும் இதோடு பொருந்திப்போனது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இலேயே காட்டியிருந்தார்.

பூட்டு முதலில், சாவி பிறகு

கிரெலின் கண்டுபிடிக்கப்பட்ட விதம் தலைகீழானது. 1970களின் பிற்பகுதியிலிருந்தே, பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனை வெளிவிடச் செய்யும் செயற்கைப் பெப்டைட்கள் ஆய்வகங்களில் இருந்தன. அவை போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை 1996இல் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். உடலில் ஒரு பூட்டு இருக்கிறது, மனிதர் செய்த கள்ளச்சாவி அதைத் திறக்கிறது. அப்படியென்றால் உடலே செய்துவைத்த அசல் சாவி எங்கே?

ஜப்பானின் ஒசாகாவில் மசயாசு கொஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் உறுப்பு உறுப்பாகத் தேடினார்கள். பூட்டு மூளையிலும் பிட்யூட்டரியிலும் இருப்பதால் சாவியும் மூளையில்தான் இருக்கும் என்பது எல்லோருடைய எதிர்பார்ப்பும். கிடைத்ததோ எலியின் இரைப்பையில். 1999 டிசம்பரில் நேச்சர் இதழில் அறிவிப்பு வந்தது. 28 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதன் மூன்றாவது இடத்தில் உள்ள செரீனில், எட்டுக் கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு அமிலம் வால்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறெந்தப் பெப்டைட் ஹார்மோனிலும் அதுவரை காணாத அமைப்பு. இந்த வால் இல்லாவிட்டால் சாவி அந்தப் பூட்டில் திரும்பாது. வாலை ஒட்டவைக்கும் நொதி எது என்பதை 2008இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. வளர்தலைக் குறிக்கும் ஆதி இந்தோ ஐரோப்பிய வேர்ச்சொல்லிலிருந்து ‘கிரெலின்’ என்று பெயர் வைத்தார்கள். பசிக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. பசியை அது தூண்டுகிறது என்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில்தான் தெரியவந்தது.

இன்னொரு சிறு செய்தி. ஒசாகாவில் நடந்தது தெரியாமலே பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் சுண்டெலியின் இரைப்பையில் இதே மூலக்கூறை அடையாளம் கண்டு, 2000இல் வேறொரு பெயரில் வெளியிட்டார்கள். குடல் அசைவைத் தூண்டும் மோட்டிலின் என்ற ஹார்மோனின் சொந்தக்காரனாக அதைப் பார்த்தார்கள். அவர்களுடைய பெயர் நிலைக்கவில்லை. ஆனால் அவர்கள் பார்வையில் ஒரு நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. இது முதலில் இரைப்பையின் பிள்ளை, மூளைக்குத் தூது போவது அடுத்த வேலை.

இரைப்பையில் அமிலம் சுரக்கும் அதே பகுதியில்தான் கிரெலினைச் சுரக்கும் செல்களும் இருக்கின்றன. உணவு தங்கும் உள்வெளியை அவை தொடுவதேயில்லை. சுவருக்குள் புதைந்து, ரத்தக்குழாய்களை ஒட்டி அமர்ந்திருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் கிரெலினில் பெரும்பங்கு இங்கிருந்து கிளம்புவதால், இரைப்பையை அறுவை செய்து நீக்கியவர்களுக்கு அதன் அளவு வெகுவாகச் சரிந்துவிடும். மனிதர்களில் உணவு நேரத்துக்குச் சற்று முன் ஏறி, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இறங்குவதை 2001இல் அளந்து காட்டினார்கள்.

கம்பி கம்பியாக அறுத்துப் பார்த்தது

கிரெலின் இரைப்பையைக் காக்கிறது என்பதைவிட, எந்த வழியில் காக்கிறது என்று கண்டறிந்த விதம் இன்னும் சுவாரசியமானது. ஒரு வீட்டில் மின்விளக்கு எரிகிறது. எந்தக் கம்பி வழியாக மின்சாரம் வருகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கம்பியாக அறுத்துப் பார்ப்பது ஒரு முறை. விளக்கு அணைந்தால் அந்தக் கம்பி வழியில் இருக்கிறது என்று பொருள். இத்தாலியக் குழுவும், சற்றுப் பின்னர் போலந்தின் கிராக்கோவில் இரைப்பை உடலியங்கியலில் நீண்ட அனுபவமுள்ள குழுவும் செய்தது இதைத்தான்.

முதல் கம்பி நைட்ரிக் ஆக்சைடு. ரத்தக்குழாயின் உட்சுவர் வெளிவிடும் இந்த வாயு, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி விரியச் செய்யும். இதை உறுதிப்படுத்திய மூவர் 1998இல் நோபல் பெற்றார்கள். நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு கிரெலினைக் கொடுத்தால், காவல் போய்விட்டது.

இரண்டாவது கம்பி உணர்வு நரம்புகள். இங்கேதான் மிளகாய் உள்ளே வருகிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்பின் நுனிகளைத் தூண்டும். அந்தத் தூண்டலை வாங்கும் ஏற்பியை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த நரம்புகள் மூளைக்கு எரிச்சலைச் சொல்வதோடு நிற்பதில்லை. தங்கள் நுனியிலிருந்து சிஜிஆர்பி என்ற பெப்டைடை அங்கேயே கசியவிட்டு, பக்கத்து ரத்தக்குழாயை விரிக்கின்றன. அமிலம் உள்ளே ஊடுருவினால் முதலில் மோப்பம் பிடிப்பவை இவைதாம். குறைந்த அளவு கேப்சைசின் எலியின் இரைப்பையைக் காக்கிறது என்று ஹங்கேரியில் 1980களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. மாறாக, மிக அதிக அளவில் ஊசியாகப் போட்டால் நரம்பு நுனிகளே பழுதாகிவிடும். ஆய்வாளர்களுக்கு அது வசதியான கத்தரிக்கோல். அப்படி நரம்பு செயலிழந்த எலிகளில் கிரெலினின் காவல் எடுபடவில்லை.

மூன்றாவது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டிலிருந்து இரைப்பைவரை ஓடும் நெடுஞ்சாலை அது. கிரெலினைத் தோலுக்கடியில் செலுத்தினாலும் காக்கிறது, மூளைக்குள் மிக நுண்ணிய அளவில் செலுத்தினாலும் காக்கிறது. மூளைக்குள் விட்ட பொருள் இரைப்பைச் சுவரைப் பலப்படுத்த வேண்டுமானால் செய்தி நரம்பு வழியே இறங்கி வந்தாக வேண்டும். வேகஸ் துண்டிக்கப்பட்டபோது பயன் மங்கியது. நான்காவதாக, புரோஸ்டாகிளாண்டின். கிராக்கோ குழுவின் அளவீடுகளில் கிரெலின் பெற்ற எலிகளின் இரைப்பைச் சுவரில் அது கூடியிருந்தது, ரத்த ஓட்டமும் கூடியிருந்தது. இந்தப் பயன் ஆல்கஹால் சோதனையோடு நிற்கவில்லை. எலிகளை அசையவிடாமல் தண்ணீரில் நிறுத்தி, மன அழுத்தத்தால் புண் வரவழைக்கும் சோதனையிலும் காயங்கள் குறைந்தன.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் ஏறத்தாழ இப்படி. இரைப்பையிலிருந்து கிளம்பும் கிரெலின் வேகஸ் நரம்பு வழியாகவோ ரத்தம் வழியாகவோ மூளைத்தண்டைத் தொடுகிறது. மூளைத்தண்டு வேகஸ் வழியே பதில் அனுப்புகிறது. இரைப்பைச் சுவரில் உணர்வு நரம்புகள் சிஜிஆர்பியை விடுகின்றன, ரத்தக்குழாய் நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது, புரோஸ்டாகிளாண்டின் கூடுகிறது. குழாய்கள் விரிய, ரத்தம் பெருகி, பைகார்பனேட் மேலே ஏறுகிறது. ஆல்கஹால் வந்து விழும்போது சுவர் ஏற்கெனவே ஆயத்தமாக நிற்கிறது.

இதற்குப் பக்கத்தில் வேறு சில இழைகளும் ஓடுகின்றன. வெள்ளணுக்கள் வெளிவிடும் அழற்சிப் புரதங்களைக் கிரெலின் மட்டுப்படுத்துகிறது என்று 2004இல் காட்டப்பட்டது. வளர்ச்சி ஹார்மோனை அது தூண்டுவதால் ஆறும் கட்டத்திலும் அதற்குப் பங்கிருக்கலாம், ஏனென்றால் ஏற்கெனவே விழுந்த புண் மூடுவதற்குப் புதிய செல்களும் புதிய ரத்தக்குழாய்களும் வேண்டும். ஆனால் புண் விழாமல் காப்பதும் விழுந்த புண்ணை ஆற்றுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் செய்திகளை நிறையவே பார்க்கிறேன்.

அமிலக் குழப்பம்

2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளின் ரத்தத்தில் கிரெலினைச் செலுத்தியபோது அமிலச் சுரப்பும் இரைப்பை அசைவும் கூடின. வேகஸைத் துண்டித்ததும் அந்த விளைவு நின்றது. பிறகு வந்த ஆய்வுகள் விஷயத்தைச் சிக்கலாக்கின. மூளைக்குள் செலுத்தினால் அமிலம் குறைவதாகவும் முடிவுகள் உண்டு. அளவு, செலுத்தும் இடம், எலி மயக்கத்தில் இருந்ததா விழித்திருந்ததா என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறுகிறது.

அமிலம் கூடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், காவலோடு அது முரண்பட வேண்டியதில்லை என்பது என் வாசிப்பு. சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. இரைப்பை சீக்கிரமே அமிலத்தைக் கொட்டப்போகிறது. அந்த நேரத்தில் அமிலக் குழாயைத் திறக்கச் சொல்லும் தூதுவனே, கரையையும் உயர்த்து என்று சொல்லிவிட்டுப் போனால் அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அமிலம் சுரக்கும் செல் முன்பக்கம் அமிலத்தையும் பின்பக்கம் பைகார்பனேட்டையும் விடுவதை மேலே பார்த்தோம். அதே தர்க்கம் ஹார்மோன் அளவிலும் நடக்கிறது என்று கொள்ளலாம். கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனும் இப்படித்தான். அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் முதன்மைத் தூதுவனான அது, இரைப்பை உட்சுவரின் வளர்ச்சிக்கும் உரமாக இருக்கிறது. இதற்காகத்தான் இயற்கை இப்படி அமைத்தது என்று சத்தியம் செய்ய முடியாது. நிரூபணம் கேட்டால், கிரெலின் இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகள் இடையூறாக நிற்கின்றன. 2003இல் வெளியான ஆய்வில் அவை ஒழுங்காகச் சாப்பிட்டன, ஒழுங்காக வளர்ந்தன. ஒரு ஹார்மோனை முழுக்க எடுத்தும் பசிகூடக் குறையவில்லை என்றால், உடல் ஒரே தூணை நம்பிக் கூரை போடுவதில்லை என்று தெரிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் வயிற்றில் புண் வரும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். பசிக்கும்போது கிரெலின் கூடுகிறது, கிரெலின் காக்கிறது, அப்படியானால் பட்டினி நல்லதா? அப்படி ஒரு முடிவுக்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை. மேலே சொன்ன சோதனைகளில் புண் விழுந்த எலிகள் எல்லாமே பட்டினி கிடந்தவைதாம் என்பதை மறக்கக் கூடாது. அவற்றின் உடலில் இயல்பாகவே ஏறியிருந்த கிரெலின் ஆல்கஹாலைத் தடுக்கப் போதவில்லை. ஊசியில் கூடுதலாகக் கொடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பழைய நம்பிக்கைக்கும் இதில் ஆதரவில்லை. ஒரு வேளை உணவு தவறுவது எரிச்சலைத் தரலாம். ஆனால் புண் உண்டாக்கும் காரணங்களின் வரிசையில் அது கிருமிக்கும் வலிமாத்திரைக்கும் பக்கத்தில்கூட வராது.

கிருமி குடியேறிய இரைப்பையில்

ஹெலிகோபேக்டர் பைலோரி பல ஆண்டுகள் தங்கும்போது இரைப்பைச் சுரப்பிகள் மெல்ல நலிந்துபோகின்றன. அமிலம் சுரக்கும் செல்களோடு கிரெலின் செல்களும் அதே பகுதியில் இருப்பதால், அவையும் குறைகின்றன. கிருமி உள்ளவர்களின் ரத்தத்தில் கிரெலின் குறைவாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கிருமியை ஒழித்தபின் அளவு ஏறியதாகச் சில, மாற்றமில்லை என்று சில, இறங்கியதாகவும் சில. இரைப்பை எந்த அளவுக்கு நலிந்திருந்தது என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு என்பது ஒரு விளக்கம்.

இங்கே முன்பின் குழப்பம் ஒன்று உண்டு. கிரெலின் குறைந்ததால் சுவர் பலவீனமாகிப் புண் வந்ததா, சுவர் நலிந்ததால் கிரெலின் குறைந்ததா? ரத்தத்தில் அளவை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. அளப்பதும் எளிதல்ல. ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி கொழுப்பு வால் கழன்ற கிரெலின். வாலுள்ள வடிவம் எடுத்த மாதிரியிலும் விரைவில் சிதையும் என்பதால், ரத்தத்தை உடனே குளிர்வித்து, நொதிகளை முடக்கும் பொருள்களைச் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். இந்தக் கவனம் இல்லாத பழைய அளவீடுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

எலியிலிருந்து மனிதருக்கு

ஆல்கஹால் சோதனையின் புண் ஒரு மணி நேரத்தில் விழுவது, மேலோட்டமானது, கொஞ்ச நாளில் தானாக ஆறிவிடக்கூடியது. மனிதருக்கு வரும் வயிற்றுப்புண் நாள்பட்டது, குழிபோல் ஆழமானது, தசையடுக்குவரை இறங்கக்கூடியது. முதலாவதைத் தடுக்கும் பொருள் இரண்டாவதையும் தடுக்கும் என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது. எலிகளில் தற்காப்பைக் கூட்டும் பெப்டைட்கள் பல உண்டு. கோலிசிஸ்டோகைனின், லெப்டின், உமிழ்நீரில் இருக்கும் எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி, சளியோடு சேர்ந்து சுரக்கும் டிரெஃபாயில் பெப்டைட்கள் என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்றுகூட வயிற்றுப்புண்ணுக்கான வழக்கமான மருந்தாகவில்லை. ராபர்ட் ஆராய்ந்த, பெப்டைட் அல்லாத புரோஸ்டாகிளாண்டினின் செயற்கை வடிவம் ஒன்று மட்டும் மிசோபிரோஸ்டால் என்ற மாத்திரையாக வெளிவந்தது. வலிமாத்திரைப் புண்களை அது நன்றாகவே தடுக்கிறது. வயிற்றுப்போக்கும் வயிற்றுப் பிடிப்பும் வருவதால் பலரால் தொடர முடிவதில்லை. கர்ப்பத்தைக் கலைக்கும் என்பதால் கர்ப்பிணிகள் இதற்காக எடுக்கவே கூடாது.

கிரெலினுக்கென்று தனித் தடைகளும் இருக்கின்றன. விழுங்கினால் வேலைக்காகாது. பெப்டைட் என்பதால் இரைப்பையும் குடலும் அதை மற்றப் புரதங்களைப்போலவே செரித்துவிடும், இரைப்பையே தயாரித்த சரக்காக இருந்தாலும் சலுகை கிடையாது. ஊசியாகப் போட்டால் வாலுள்ள வடிவம் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. பசியைக் கிளப்பும், இன்சுலின் சுரப்பைக் குறைத்து ரத்தச் சர்க்கரையை உயர்த்தும், வளர்ச்சி ஹார்மோனையும் சேர்த்தே உசுப்பும். வயிற்றில் ஒரு புண்ணைத் தடுப்பதற்காக உடலின் இத்தனை கதவுகளையும் தட்ட வேண்டுமா என்று எந்த மருத்துவரும் யோசிப்பார். அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மலிவான, பழகிய மாத்திரைகளும் கிருமியை ஒழிக்கும் கூட்டு மருந்துகளும் கையில் இருக்கும்போது, கிரெலினை அந்த வேலைக்குக் கொண்டுவரப் பெரிய அவசரம் எழாததில் வியப்பில்லை.

அதே ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் வேறு வேலைகளுக்கு வந்துவிட்டன. நாய்களுக்குப் பசியைக் கூட்டும் காப்ரோமொரெலின் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு உண்டா என்று சோதிக்கப் பயன்படும் மசிமொரெலின் 2017இல் வந்தது. புற்றுநோயால் உடல் உருகிப்போகிறவர்களுக்காக அனமொரெலின் என்ற மாத்திரைக்கு ஜப்பான் 2021இல் ஒப்புதல் அளித்தது. வாயால் விழுங்கக்கூடிய கிரெலின் போலி சாத்தியம் என்பதற்கு இவையே சான்று. மூன்றில் எதுவும் வயிற்றுப்புண்ணுக்கானது அல்ல.

இடையில் இணையத்தில் ‘இரைப்பையைக் காக்கும் பெப்டைட்’ என்று விற்கப்படும் பிபிசி-157 பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் கிரெலினைப் பற்றித் தேடுகிறவர்கள் அதில்தான் போய் முட்டிக்கொள்கிறார்கள். இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லப்படும் 15 அமினோ அமிலச் சங்கிலி அது, ஹார்மோன் அல்ல. எலிச் சோதனைகள் குவிந்திருக்கின்றன, மனிதர்களில் முறையான சோதனை மிகச் சொற்பம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 முதல் அதைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. கிரெலினும் அதன் போலிகளும் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுபவை என்ற கணக்கில் அதே பட்டியலில் உள்ளன.

மனிதர்களில் கிரெலினின் காவலைச் சோதிக்க வேண்டுமானால், கிருமி இல்லாத, மூட்டுவலிக்காகத் தினமும் வலிமாத்திரை எடுக்க வேண்டியவர்களிடம் தொடங்குவதே பொருத்தம். அவர்களிடம் புரோஸ்டாகிளாண்டின் கம்பி ஏற்கெனவே அறுந்திருக்கிறது. எலிகளில் பார்த்த நைட்ரிக் ஆக்சைடும் உணர்வு நரம்பும் வேகஸும் மட்டுமே மிச்சம். அந்த மூன்றை வைத்துக்கொண்டு கிரெலின் போலி ஒன்று சுவரைக் காக்கிறதா என்பதைச் சில வார இடைவெளியில் எடுக்கும் இரண்டு எண்டோஸ்கோப்பிகள் சொல்லிவிடும்.